பால்மரம் நட்ட முன்னோடிகள்

வணிகத்திலும் வேளாண்மையிலும் பொருள் ஈட்டியோரை இருவகையினராகப் பகுக்கலாம். முன்னோர் நடந்து தேய்ந்த தடத்தில் தாமும் நடந்து பயன் கொள்வோர் ஒருவகையினர். தடமே இல்லாத இடத்தில் தம் அறிவையும் துணிவையும் துணையாகக் கொண்டு புதுவழி காண்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினர் ஆயிரவர். இரண்டாம் வகையினர் ஓரிருவர். ஆயினும் ஆயிரவர் நடக்கும் தடத்தை ஒரு காலத்தில் வகுத்தவர் அந்த ஓரிருவரே என்பதை வரலாறு காட்டும்.

அத்தகையோர் வெற்றி பெற்றபின் உலகம் அவர்களைத் தீர்க்கதரிசிகள் எனப் போற்றுகிறது. வெற்றி கிட்டும்வரை பித்தர் என்றே பேசுகிறது. இவ்விரண்டு சொற்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் எதனை நம்பி நின்றனர்? மனத்தில் தோன்றியதை எல்லாம் உண்மையெனக் கொண்டு ஓடினரா? அல்லது அவர்தம் உள்ளுணர்வுக்குப் பின்னால் வேறு ஏதேனும் இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடைகாண மலாயாவின் இரப்பர் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று நமக்குக் கிடைத்தல் அரிது. அவ்வரலாறு நம் சமுதாயத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. பால்மரத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நாட்டில் ஒருகாலத்தில் மிகச் சிலவே. ஆனால் அம்மரத்தை இம்மண்ணில் நடுவதற்கே ஆள் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது என்பதை அறிந்தோர் இன்று சிலரே.

கேட்பாரற்று நின்ற மரங்கள்

இரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், இரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் உருகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் என்று கண்டறிந்தார். அதன்பின் இரப்பரின் தேவை பெருகியது. தேவை பெருகியும் வரத்து முழுவதும் காட்டு மரங்களையே நம்பியிருந்தது. எனவே, அம்மரத்தைத் தன் குடியேற்ற நாடுகளில் வளர்த்துவிட வேண்டும் எனப் பிரித்தானிய அரசு விரும்பியது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். அவற்றுள் மிகச் சிறு பகுதியே முளைத்தது. முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் சில சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் நடப்பெற்றன. ஒன்பது கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குச் சென்றன. அங்கு ஆங்கிலேய ஆலோசகராக விளங்கிய ஹியூ லோ தம் மாளிகைத் தோட்டத்தில் அவற்றை நட்டுப் பேணினார். தென்கிழக்காசியாவின் இரப்பர்த் தொழில் அனைத்திற்கும் மூலம் இந்த இருபத்திரண்டு கன்றுகளே எனின் அது மிகையாகாது.

கன்றுகள் வளர்ந்து மரங்களாயின, பூத்தன, காய்த்தன, விதைகளை உதிர்த்தன. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவற்றைப் பொருட்படுத்தியவர் இலர். இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அக்காலத் தோட்ட முதலாளிகளுக்குக் காப்பி நல்ல வருவாய் தந்தது. சீனப் பயிரிடுவோர் மரவள்ளியிலும் மிளகிலும் கேம்பிரிலும் பொருள் ஈட்டினர். ஈயச் சுரங்கமோ உடனே பணம் தரும் ஊற்றாக இருந்தது. இரப்பர்க் கன்றோ நட்டு ஆறேழு ஆண்டுகள் காத்திருந்தால்தான் பால் தரும். அப்பாலை மரத்திற்குக் கேடின்றி எடுக்கும் வழியும் எவருக்கும் தெரியவில்லை. கைமேல் காசு தரும் தொழில்கள் பல இருக்க, கண் காணாத நாளில் பயன் தரும் மரத்தை எவர் நடுவர்? அன்றைய முதலாளிகள் அறிவிலிகள் அல்லர். அவர்கள் கணக்கு அன்றைய நிலைக்குச் சரியான கணக்கே. அக்கணக்கில் நாளைய நிலைக்கு இடம் இல்லாமற் போயிற்று, குறை அவ்வளவே.

பித்தர் எனப்பட்ட அறிஞர்

1888ஆம் ஆண்டு ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்னும் ஆங்கிலத் தாவரவியல் அறிஞர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 32. அதே ஆண்டில்தான் டன்லப் என்பார் காற்றடைத்த சக்கரப் பட்டையை உருவாக்கினார். ஒன்று சிங்கப்பூரிலும் மற்றொன்று அயர்லாந்திலும் நிகழ்ந்த இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் இரண்டும் ஒன்றையொன்று தேடிவந்து சேர்ந்தன.

ரிட்லி தம் தோட்டத்தில் நின்ற இரப்பர் மரங்களை நாள்தோறும் உற்று நோக்கினார். அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் வெட்டிப் பால் எடுப்பது வழக்கம். வெட்டு மரத்தின் உட்பகுதியைத் தாக்கும். நாளடைவில் மரம் நலியும். ரிட்லி இம்முறையைக் கைவிட்டார். பட்டைக்கும் மரத்திற்கும் இடையே மரம் பருப்பதற்குக் காரணமான மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதனைத் தொடாமல் பட்டையை மட்டும் சாய்வாகச் சீவினார். அடுத்த முறை புதிய இடத்தில் வெட்டாமல், பழைய வெட்டின் கீழ் விளிம்பையே மிக மெல்லியதாக மீண்டும் சீவினார். அப்போது பால் குறையவில்லை. முன்னினும் மிகுதியாக வடிந்தது! விடியற்காலையில் சீவினால் பால் மிகுதியாக வரும் என்பதையும் கண்டார். சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்தது. ஆகவே, ஒரு மரத்தைக் கொல்லாமல் பல்லாண்டுகள் பால் எடுக்கலாம் என்பது உறுதியாயிற்று. மீன்முள் போன்ற அவ்வெட்டு முறை 1890களின் நடுவில் வடிவம் பெற்றது.

இக்கண்டுபிடிப்பைக் கையில் கொண்டு ரிட்லி தோட்ட முதலாளிகளைத் தேடிச் சென்றார். சட்டைப்பையில் இரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு, காண்போரிடமெல்லாம் கொடுத்து நடச்சொல்லி வற்புறுத்தினார். அவர்களோ சிரித்தனர். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்னும் பட்டப்பெயரே அவருக்கு நிலைத்தது. ஊர் சிரித்ததற்காக அவர் விதைகளை எறிந்துவிடவில்லை. ஏனெனில் அவருடைய நம்பிக்கை ஊரார் சொல்லிலிருந்து பிறந்ததன்று. தம் கையால் சீவிய மரங்களிலிருந்து பிறந்தது. கண்ணால் கண்டதைக் காதால் கேட்ட ஏளனம் அழிக்க இயலுமா?

மலாக்காவின் இளைஞர்

ஆயினும் அறிஞரின் கண்டுபிடிப்பு மட்டும் தொழிலாகிவிடாது. அதனை நம்பித் தம் பொருளை இடுபவர் ஒருவர் வேண்டும். அத்தகையவர் மலாக்காவில் கிடைத்தார். அவர் பெயர் டான் சே யான். சிங்கப்பூரில் ஏழையர்க்கு மருத்துவமனை கண்ட வள்ளல் டான் டோக் செங்கின் பேரர். அப்போது முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். ரிட்லியின் தூண்டுதலால் 1896ஆம் ஆண்டு மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர் நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் இதுவே எனப் பலரும் கொள்வர். ஏறத்தாழ இதே காலத்தில் சிலாங்கூர் மாநிலத்துக் காஜாங் வட்டாரத்தில் கிண்டர்ஸ்லி உடன்பிறந்தாரும் தம் தோட்டத்தின் சிறு பகுதியில் இரப்பர் நட்டனர் என்பதையும் இங்கே குறித்தல் நேர்மையாகும்.

டான் சே யானின் செயலில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, அவர் தம் சுற்றத்தாரின் வழக்கத்திற்கு மாறாக நடந்தார். அக்கால மலாக்காவில் மரவள்ளியே பெரும்பயிர். காட்டை அழித்து மரவள்ளி நடுவர். சில அறுவடைகளில் மண்ணின் வளம் தீர்ந்துவிடும். நிலத்தை லாலான் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டிற்குச் செல்வர். விரைந்து நட்டு, விரைந்து பறித்து, விரைந்து நீங்கும் தொழில் அது. அத்தகைய சூழலில், பல்லாண்டு நிற்கும் மரத்தை ஒருவர் நடுவது பயிரை மாற்றுவது மட்டுமன்று. நிலத்தைப் பற்றிய எண்ணத்தையே மாற்றுவதாகும்.

இரண்டாவது, அவர் துணிந்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு துணியவில்லை. முதலில் நட்டது 40 ஏக்கர் மட்டுமே. அம்முயற்சி நம்பிக்கையளித்தபின்னரே புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் பெருந்தோட்டம் அமைத்தார். இரப்பர்க் கன்றுகளுக்கு இடையே மரவள்ளியும் பயிரிடப்பட்டது. மரம் பால் தரும்வரை மரவள்ளி செலவிற்கு உதவியது. பழையதை முற்றிலும் எறிந்துவிட்டுப் புதியதைத் தழுவாமல், பழையதன் தோள்மீது ஏறிநின்று புதியதைப் பறிக்கும் நுட்பம் இதில் உண்டு.

மூன்றாவது, தாம் அறியாத துறையில் அறிந்தார் ஒருவரை அவர் நம்பினார். தன்னம்பிக்கை என்பது பிறர் சொல்லை எல்லாம் புறக்கணித்தல் என்று இக்காலத்தார் சிலர் எண்ணுகின்றனர். டான் சே யான் நூறுபேர் சிரித்ததைப் புறக்கணித்தார்; ஒருவர் ஆய்ந்து சொன்னதை ஏற்றார். எவர் சொல் கேட்கத்தக்கது, எவர் சொல் விடத்தக்கது என்று பிரித்தறிந்த அத்திறனே அவருடைய உண்மையான மூலதனம் எனலாம்.

சில ஆண்டுகளில் புக்கிட் அசகான் தோட்டத்தை ஆங்கிலேய நிறுவனம் ஒன்று பெருவிலைக்கு வாங்கியது. ஈட்டிய பொருளை டான் சே யான் தமக்கே வைத்துக்கொள்ளவும் இல்லை. சிங்கப்பூர் மருத்துவப் பள்ளிக்கு அவர் வழங்கிய நன்கொடையால், அவர் தந்தையின் பெயர் தாங்கிய டான் டெக் குவான் கட்டடம் 1911இல் எழுந்தது. 1916ஆம் ஆண்டு நடுவயதிலேயே அவர் மறைந்தார்.

பின்வந்த கூட்டம்

1890களின் இறுதியில் நிலைமை தலைகீழாயிற்று. பிரேசிலில் காப்பி அளவிறந்து விளைந்தது. உலகச் சந்தையில் விலை சரிந்தது. மலாயாவின் காப்பிச் செடிகளைப் புழுக்களும் தாக்கின. ரிட்லியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவரிடமே விதை கேட்டு நின்றனர். அவர்கள் இரப்பரை நட்டதற்குக் காரணம் தொலைநோக்கு அன்று, வேறு வழியின்மையே.

அதற்குள் மேலை நாடுகளில் மோட்டார் வண்டி பெருகிற்று. 1908இல் ஹென்றி போர்டு தம் புகழ்பெற்ற ‘டி’ வகை வண்டியை வெளியிட்டார். சக்கரப் பட்டைகளுக்கு இரப்பர் போதவில்லை. 1910ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை இரப்பர் 12 ஷில்லிங்கிற்கும் மேல் விற்றது. மலாயாவில் நிலம் எங்கே, எப்படிப்பட்டது என்றே அறியாதோர் இலண்டனில் தோட்டப் பங்குகளைப் போட்டியிட்டு வாங்கினர். 1897இல் சில நூறு ஏக்கராக இருந்த மலாயாவின் இரப்பர்ப் பரப்பு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல இலட்சம் ஏக்கராகப் பெருகியது. 1913இல் உலகின் தோட்ட இரப்பர் அமேசான் காட்டு இரப்பரை விஞ்சியது.

ஆனால் எல்லாரும் ஒரே விதையை விதைத்தால் எல்லாருக்கும் ஒரே சந்தையில்தான் விற்பனை. 1920இல் விலை வீழ்ந்தது. 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் என்னும் பெயரால் அரசு இரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது விலை அடிமட்டத்திற்குச் சென்றது. தோட்டங்களில் வேலை இழந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிரிப்பொலி கேட்டபோது நட்டவர்க்குக் கிட்டியது செல்வம். கைத்தட்டல் கேட்டபோது நட்டவர் பலர்க்குக் கிட்டியது கடன். முதலாளிகள் பிழையாகக் கணக்கிட்டதற்குத் தொழிலாளரே பெரிதும் விலை கொடுத்தனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

போர்டு கண்ட தோல்வி

இங்கே ஒரு வினா எழலாம். தன் மனம் சொன்னபடி நடந்த முனைவோர் அனைவரும் வென்றனரா? இல்லை. அதற்கும் இரப்பர் வரலாற்றிலேயே சான்று உண்டு.

மோட்டார்த் தொழிலில் ஈடு இணையற்று விளங்கிய ஹென்றி போர்டு, தமக்கு வேண்டிய இரப்பரைத் தாமே விளைவித்துக்கொள்ள எண்ணினார். 1928ஆம் ஆண்டில் அமேசான் பகுதியில், தப்பஜோஸ் ஆற்றங்கரையில், போர்ட்லாந்தியா என்னும் பெயரில் பெருந்தோட்டமும் நகரமும் அமைக்கத் தொடங்கினார். பொருளுக்குக் குறைவில்லை, துணிவுக்கும் குறைவில்லை. மரத்தின் தாயகத்திலேயே மரத்தை நடுவது எளிது என்றே எவர்க்கும் தோன்றும். ஆனால் தாயகத்தில் அம்மரத்தின் பகையும் இருந்தது. அமேசான் காட்டில் இரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறி நிற்பதற்குக் காரணம் ஒருவகை இலைநோய். மரங்கள் நெருங்கி நின்றால் அந்நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிப் பரவும். தொடக்கத்தில் தாவரவியல் அறிஞரின் துணையின்றி நெருக்கமாக நடப்பட்ட கன்றுகளை நோய் அழித்தது. அமெரிக்கத் தொழிற்சாலையின் நேர ஒழுங்கை வெப்பக் காட்டில் புகுத்தியதால் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தனர். 1934இல் வேறோர் இடத்தில் தொடங்கிய இரண்டாம் தோட்டமும் கைகொடுக்கவில்லை. இறுதியில் 1945இல் எல்லாவற்றையும் பெருநட்டத்தோடு பிரேசில் அரசிடமே ஒப்படைத்து நிறுவனம் வெளியேறிற்று.

வண்டி செய்வதில் போர்டின் உள்ளுணர்வு பொய்த்ததில்லை எனலாம். அவ்வுணர்வு பட்டறையில் பல்லாண்டு உழைத்துப் பெற்றது. மரம் வளர்ப்பதில் அவருக்கு அத்தகைய பயிற்சி இல்லை. ஒரு துறையில் பழுத்த உணர்வு மற்றொரு துறையிலும் தானே பழுத்திருக்கும் என்று நம்பியதே பிழையாயிற்று. உள்ளுணர்வு என்பது வானிலிருந்து வரும் அசரீரி அன்று. நெடுநாள் உற்றுநோக்கியவர் உள்ளத்தில் படிந்த அறிவு, சொல்லாக மாறுமுன் தோன்றும் வடிவமே அது. உற்றுநோக்காதவர்க்கு அது வெறும் ஆசையே.

திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து செயல்வகைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றை மட்டும் கற்றவர் போர்டைப்போல் இடர்ப்படுவர்; மற்றொன்றை மட்டும் கற்றவர் காப்பித் தோட்ட முதலாளிகளைப்போல் காலம் கடந்து விழிப்பர். இரண்டையும் ஒருசேரக் கற்றவர்களாக ரிட்லியும் டான் சே யானும் விளங்கினர்.

கத்தி பிடித்த கைகள்

ரிட்லியின் கண்டுபிடிப்பு ஏட்டில் எழுதினால் சில வரிகளே. ஆனால் அதனைப் பல இலட்சம் மரங்களில் நாள்தோறும் செய்துகாட்டியவர் யாவர்? தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் வழி வந்து சேர்ந்த ஆடவரும் பெண்டிருமே. உயிர்ப்படலத்தைத் தொட்டால் மரத்தில் காயம். தொடாமல் விட்டு மேலாகச் சீவினால் பால் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மயிரிழை அளவைக் கையுணர்வால் அறிந்து, விடியுமுன் இருளில், நெற்றி விளக்கின் ஒளியில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய அவர்தம் திறமையை உடலுழைப்பு என்று மட்டும் கூறி ஒதுக்குதல் அறமன்று. அதுவும் உற்றுநோக்கிப் பெற்ற அறிவே.

1907இல் தொழிலாளர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் கொணர்தல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938வரை நீடித்தது. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் பயனாகத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று தமிழ்ப்பள்ளிகளில் கற்பிப்போர், கற்போர் பலருடைய குடும்ப வரலாறும் இந்நிரைகளுக்கிடையே தொடங்கியதே. ஆயினும் மரத்தை அறிந்த கைகளுக்கு அரை நூற்றாண்டுக் காலம் மரம் சொந்தமாகவில்லை.

தொழிலாளரே முதலாளியர்

1896ஆம் ஆண்டு, புக்கிட் லிந்தாங்கில் கன்றுகள் நடப்பெற்ற அதே ஆண்டில், எம். எஸ். வீராசாமி என்னும் தமிழர் மலாயாவிற்கு வந்தார். சுங்கை சிப்புட் பகுதியில் இரப்பர் பயிரிட்டுத் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார். அவர் மகனே பின்னாளில் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன்.

1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறலாயினர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்று ஊதியம் கண்டனர். துண்டாடப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர் வேலையை மட்டும் இழக்கவில்லை. வீட்டையும், பிள்ளைகள் படித்த பள்ளியையும், வழிபட்ட கோயிலையும் சேர்த்தே இழந்தனர். இந்நிலையில் பலர் அறிந்த வழிகள் இரண்டு: அரசிடம் முறையிடுதல், வேறு வேலை தேடி அலைதல். சம்பந்தன் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். தோட்டங்கள் விலைக்கு வருகின்றன என்றால் தொழிலாளரே ஏன் வாங்கக் கூடாது?

நாட்கூலி பெறுவோர் பல்லாயிரம் ஏக்கர் தோட்டத்தை வாங்குவதா என்னும் ஐயம் எழுந்தது இயல்பே. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் பேசினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கும்படி வேண்டினார். 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. அதனைத் தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் சங்கத்தின் உடைமையாயின. 1979இல் சம்பந்தன் மறைந்த பின்னரும் சங்கம் நிலைத்து நின்றது.

இதனைச் சமுதாயத் தொண்டு என்று மட்டுமே பேசுவோர் உளர். தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழில் முனைவுக்குரிய கூறுகள் யாவும் இதில் உள்ளன என்பதையும் நோக்க வேண்டும். பிறர் கேட்டைக் கண்ட இடத்தில் வாய்ப்பைக் கண்டது புதுமை. இரப்பர்த் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பட்டறிவு அந்த எண்ணத்திற்கு அடிப்படை. ஒருவர் தலைமேல் ஏற்றாமல் பல்லாயிரவர் தோளில் சிறு சிறு பங்காக ஏற்றப்பட்டது முதலீட்டுச் சுமை. எனவே நட்டம் வந்தாலும் எவரும் முற்றும் அழியார். டான் சே யான் மரவள்ளியைத் துணையாகக் கொண்டு காத்திருந்தார். இத்தொழிலாளர் தம் நாட்கூலியைத் துணையாகக் கொண்டு காத்திருந்தனர். வழி ஒன்றே.

மாணவர் கொள்ள வேண்டுவது

காலம் மாறிற்று. 1980களின் இறுதிவரை உலகிலேயே மிகுதியாக இரப்பர் விளைவித்த நாடு மலேசியா. பின்னர் அவ்விடத்தை அண்டை நாடுகள் கைப்பற்றின. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை நிற்கிறது. அச்செம்பனைக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1917ஆம் ஆண்டில், இரப்பரே பொன் என அனைவரும் எண்ணியிருந்த நாளில், சிலாங்கூரில் தென்னமரம் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கோனியே முதன்முதலாக அதனை வணிகப் பயிராக நட்டார். ஒரு பயிர் புகழின் உச்சியில் இருக்கும்போதே அடுத்த பயிரை எவரோ ஒருவர் எங்கோ ஒரு மூலையில் நட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே இதனால் அறியத்தக்கது.

இன்றைய மாணவர் நாளை வணிகராகலாம்; தொழில் தொடங்கலாம். எல்லாரும் தொடங்கும் கடையையே தாமும் தொடங்குவதா, தமக்கெனத் தோன்றும் புதுவழியில் செல்வதா என்னும் வினா அவர்முன் எழும். அப்போது அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. இத்துறையை நான் ரிட்லியைப்போல் கையால் தொட்டு ஆய்ந்ததுண்டா? ஆய்ந்தார் ஒருவரை இனங்கண்டு அவர் சொல் கேட்டதுண்டா? பயன் விளையும்வரை காத்திருக்க இடைப்பயிர் ஒன்று வைத்துள்ளேனா? தோற்றால் இழப்பது நாற்பது ஏக்கரா, அனைத்துமா? என் முயற்சியில் உழைப்போர்க்கு அதன் பயனில் பங்கு உண்டா? இவ்வினாக்களுக்கு நேர்மையாக விடை கூறக்கூடியவர் தம் உள்ளம் சொல்வதை நம்பலாம். ஊர் சிரித்தாலும் நம்பலாம்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. எழுதிக்கொடுத்த விடையைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவரை நாம் பாராட்டுகிறோம், பாராட்டத்தக்கதே. ஆனால் யாரும் கேளாத வினாவைக் கேட்கும் மாணவரும் வகுப்பின் ஒரு மூலையில் அமர்ந்திருப்பார். அவரைச் சிரித்து அடக்கிவிடாமல், “ஏன் அப்படி எண்ணுகிறாய்? எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?” என்று வினவிப் பழக்கினால், அவ்வெண்ணம் வெறும் ஆசையா, அறிவின் முளையா என்பது அவருக்கே விளங்கிவிடும்.

ரிட்லி நெடுங்காலம் வாழ்ந்தார். நூறு ஆண்டுகள் நிறைந்த பின், 1956ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். பித்தர் எனத் தம்மை அழைத்தவர்கள் மறைந்து, அவர்தம் காப்பித் தோட்டங்களும் மறைந்து, நாடெங்கும் பால்மரம் செழித்து நின்ற காட்சியைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. கோலகங்சாரில் நட்ட பழைய மரங்களுள் ஒன்று நினைவுச் சின்னமாகப் பேணப்பட்டு வருகிறது. அம்மரத்தைக் காணச் செல்லும் மாணவர்க்கு, அது இருபது ஆண்டுகள் எவராலும் கவனிக்கப்படாமல் அங்கேயே நின்ற செய்தியையும் ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும்.